ஈறில் ரத்தம், ஆடும் பல், க்ளீனிங் பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். அதிலும் ஈறு நோய்தான் என் மேற்படிப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், கூட வந்தவர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். தென் மாவட்டங்களில் எகிறு என்பார்கள், இலங்கையில் முரசு என்பார்கள். இங்கே ஈறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. பல் தேய்க்கும்போது ரத்தம் வருது. ப்ரஷ் குத்தினதாத்தானே இருக்கும்?

புது ப்ரஷ், அவசரம், ஒரு நாள் ஒரு சொட்டு: அது குத்தியதாக இருக்கலாம். அதே இடத்தில் நாலைந்து நாளாக வருகிறது என்றால் ப்ரஷ்ஷைக் குறை சொல்ல முடியாது. நல்ல ஈறு மென்மையான ப்ரஷ்ஷுக்கெல்லாம் ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் தினமும் படிகிறது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வரும். அது உணவுத் துணுக்கு மட்டுமல்ல, கிருமிகள் கட்டிய குடியிருப்பு. எடுக்காமல் விட்டால் ஈறு அதை எதிர்த்து வீங்குகிறது, உள்ளே ரத்தக் குழாய்கள் விரிகின்றன, லேசாகப் பட்டாலே கசிகிறது.

இதை 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு செய்தே காட்டியது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்கவே வேண்டாம் என்றார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம் போல எடுத்துக்கொண்டு ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆக, முதல் கட்டம் முழுக்கச் சரியாகக்கூடியது.

ஆனால் வீட்டில் நடப்பது தலைகீழ். ரத்தத்தைப் பார்த்த உடனே அந்தப் பக்கம் ப்ரஷ் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் வரும் இடம்தான் இத்தனை நாளாக ப்ரஷ் சரியாகப் போகாத இடம். அங்கேதான் மெதுவாக, கூடுதலாகத் தேய்க்க வேண்டும்.

2. வலியே இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி நோய்?

சொத்தைப் பல் வலித்து ஊரைக் கூட்டும். ஈறு நோய் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். அழற்சியோடு நின்றுவிட்டால் பிழைத்தோம். பலருக்கு அது அடுத்த கட்டத்துக்குப் போகிறது: ஈறு பல்லை விட்டுக் கழன்று நடுவே ஒரு பை உண்டாகிறது, அதற்குள் படலம் இறங்குகிறது, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மண் அரித்துப்போன ஆற்றங்கரைத் தென்னை மாதிரி. மரத்தில் ஒரு குறையும் இருக்காது, பிடிமானம்தான் போயிருக்கும். ஒரு சொத்தை இல்லாத, முத்து மாதிரியான பல்லை விரலால் எடுத்து அதன் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

வலி வருவது பெரும்பாலும் பைக்குள் சீழ் கட்டும்போதுதான். அதற்குள் பாதி எலும்பு போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

3. வீட்டிலேயே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று கீழ் உதட்டை இழுத்துப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு கூராக, இறுக்கமாக ஏறியிருக்க வேண்டும். உருண்டு, பளபளவென்று உப்பியிருந்தால் வீக்கம். பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறதா? முன்பல் விசிறி மாதிரி விரிந்து புதிதாக இடைவெளி வந்திருக்கிறதா? பழைய கல்யாண போட்டோவோடு ஒப்பிட்டால் சட்டென்று தெரியும். எழுந்ததும் வாயில் ரத்தச் சுவை, மென்ற பிறகு ஒரே இடுக்கில் சிக்கும் சாப்பாடு, தேய்த்தும் போகாத நாற்றம் எல்லாம் கணக்கில் வரும்.

அப்புறம் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் அதுதான் காரை, அதாவது கெட்டியாகிப்போன படலம். நாக்குக்கு அடியில் உமிழ்நீர்க் குழாய் திறப்பதால் அங்கே உப்புகள் சீக்கிரம் படிகின்றன.

கண்ணாடி காட்டாதது பையின் ஆழம். அதற்கு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் விட்டு அளப்போம். 3 வரை இயல்பு, 4-லிருந்து பை, 6-க்கு மேல் ஆழம். எலும்பின் நிலைக்கு எக்ஸ்ரே. ‘ஈறு நோய் இருக்கு’ என்று சொல்பவர் அளக்கவே இல்லை என்றால், எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

4. என் ஈறு கறுப்பா இருக்கே, அது நோயா?

இல்லை. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான் ஈறுக்கும். ‘ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பு’ என்று எழுதியது வெள்ளைக்காரர் வாயைப் பார்த்து எழுதியது. நம்மில் பலருக்குப் பிறப்பிலிருந்தே பழுப்பு, கறுப்பு, திட்டுத்திட்டு என்றுதான் இருக்கும். கறுத்த ஈறில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் நிறத்தை விட்டுவிட்டு வீக்கத்தையும் ரத்தத்தையும் கவனியுங்கள். புதிதாகத் தோன்றி வளரும் ஒற்றைக் கரும்புள்ளி என்றால் மட்டும் காட்டிவிட வேண்டும்.

5. க்ளீனிங் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்னு எங்க அத்தை சொல்றாங்க. அவங்களுக்கு அப்படித்தான் ஆச்சாம்.

நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இது. அத்தை பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நிஜம், காரணம்தான் வேறு.

கீழ் முன்பல்லின் உள்பக்கம் சிலருக்கு நாலு பல்லையும் சேர்த்து ஒரே பாளமாகக் காரை கட்டியிருக்கும், செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் பூசிய மாதிரி. கருவியை வைத்ததும் அது பெயர்ந்து தட்டில் ‘டக்’கென்று விழும். ஒரு பாட்டி அதை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, பல்லையே உடைச்சிட்டியேப்பா’ என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்து ஒவ்வொரு பல்லாக எண்ணிக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். அந்தப் பற்களுக்கு அடியில் எலும்பு எப்போதோ போய்விட்டது (கேள்வி 2). பாளம்தான் அவற்றை ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, வீக்கம் வடிந்ததும் இடைவெளியும் தெரிகிறது. அப்படியே விட்டிருந்தால் நாலும் சேர்ந்து ஒருநாள் விழுந்திருக்கும். சுத்தம் செய்த சில வாரங்களில் ஈறு இறுகும், பலருக்கு ஆட்டமும் குறையும்.

கருவி பல்லைச் செதுக்குமா என்றால், அது அதிர்ந்து காரையைப் பெயர்க்கிறது, கூடவே தண்ணீர் பாய்ச்சுகிறது, எனாமலை உரிப்பதில்லை. ஓரிரண்டு வாரம் கூச்சம் இருக்கலாம். காரைக்கு அடியில் மூடிக்கிடந்த வேர் காற்றுப் படுவதால் வருவது அது. கூச்சத்துக்கான பேஸ்ட் போதும்.

6. உப்புத் தண்ணி, ஆயில் புல்லிங், வேப்பங்குச்சி: இதுல எது நிஜமா வேலை செய்யும்?

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும். நல்லெண்ணெயால் கெடுதல் இல்லை; ப்ரஷ்ஷுக்குப் பதிலாக அது என்றால்தான் சிக்கல். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள். குச்சியை மென்று நார் நாராக்கித் தேய்த்தால் அதுவும் ஒரு ப்ரஷ்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கத்துக்கு அது போகாது. நோய் பெரும்பாலும் அங்கேயும் இடுக்குகளிலும்தான். உமிக்கரி, செங்கல் பொடி, சொரசொரப்பான பல்பொடி வேண்டவே வேண்டாம். ஈறு இறங்கிய இடத்தில் வேரை அரித்துப் பள்ளம் பறித்துவிடும். கிராம்பு எண்ணெயை நேரே ஈறில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

கட்டிவிட்ட காரையை வீட்டில் இருக்கும் எதுவும் கரைக்காது. கரைக்கும் புளிப்பு இருந்தால் அது பல்லையும் சேர்த்துக் கரைக்கும்.

7. சரி, எப்படித்தான் தேய்க்கணும்?

மென்மையான ப்ரஷ். நார் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, இடத்தை விட்டு நகராமல் சின்னதாக அதிர்த்து, பிறகு பல்லின் நுனிப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டிரண்டு பல்லாக நகருங்கள். மொத்தம் 2 நிமிடம். இரவுத் தேய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

ப்ரஷ் இடுக்குக்குள் நுழையாது. நெருக்கமான பல்லுக்கு ஃப்ளாஸ் நூல், இடைவெளி உள்ளவர்களுக்கு பாட்டில் கழுவும் ப்ரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கும் இடுக்கு ப்ரஷ். ஈறு நோய்க்காரர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வேன், பழகுவது சுலபம். ஊக்கு, தீக்குச்சி, விசிட்டிங் கார்டு மூலை எதுவும் வேண்டாம். முதல் சில நாள் ரத்தம் வரும், பத்து நாளில் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் உள்ளே காரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

8. மவுத்வாஷ் போதாதா?

போதாது. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் நல்ல மருந்து: 10 மில்லி, காலையும் இரவும், இரண்டு வாரம். பேஸ்ட் போட்ட உடனே கொப்பளித்தால் வீரியம் போய்விடும், அரை மணி நேரம் விடுங்கள். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்குக்கு ருசி மாறும். 5 மில்லிமீட்டர் பைக்குள் கொப்பளிக்கும் தண்ணீர் இறங்காது என்பதும் ஒன்று.

9. ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் சாப்பிட்டா சரியாயிடாதா? மெடிக்கல்ல கேட்டா கொடுத்துடறாங்களே.

கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினையே. வீக்கம் வடியும், நிம்மதி வரும், அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி வீங்கும். படலத்துக்குள் இருக்கும் கிருமியை மாத்திரை எளிதில் எட்டாது. காரையை அது தொடவே தொடாது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, சீழ் பரவும் நிலையில் மாத்திரை தேவை. வேகமாகப் பரவும் சில வகை ஈறு நோயில் சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுப்போம். இரண்டும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தால் குடிப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். அதோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம்.

10. ‘டீப் க்ளீனிங்’, ‘ஃப்ளாப் சர்ஜரி’ன்னு அடுக்கிக்கிட்டே போறாங்க. பணம் பிடுங்கத்தானே?

சந்தேகப்படுவது நியாயம்தான், அதனால் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மேலே தெரியும் காரையை எடுப்பது. பை இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்வது. அதுதான் டீப் க்ளீனிங். வாயை இரண்டாகவோ நான்காகவோ பிரித்துச் செய்வோம். பிறகு 6 வாரத்திலிருந்து 3 மாதம் காத்திருந்து மறுபடி அளப்போம். பெரும்பாலான பைகள் இதிலேயே சுருங்கிவிடும். அப்போதும் ஆழமாக இருந்து, கம்பி பட்டதும் ரத்தம் வரும் இடங்களில் மட்டும் ஈறைத் திறந்து கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்வது ஃப்ளாப். தையல் ஒரு வாரம், பத்து நாளில் பிரித்துவிடுவோம்.

முதல் நாளே, சுத்தம் கூடச் செய்யாமல், வாய் முழுக்க ஃப்ளாப் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கேட்டுவிடுங்கள். செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் மிகக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர்கள் மேற்பார்ப்பார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், டிபன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நானும் அப்படி ஒரு கல்லூரியில் நோயாளிகளின் பொறுமையால்தான் தொழில் கற்றேன்.

11. போன எலும்பும் இறங்கின ஈறும் திரும்ப வளருமா?

பெரும்பாலும் இல்லை. கிணறு மாதிரிச் சுற்றிலும் சுவர் இருக்கும் பள்ளமாக எலும்பு கரைந்திருந்தால் எலும்புத் துகள் வைத்து ஓரளவு மீட்கலாம். மட்டமாக இறங்கியிருந்தால் முடியாது. ஓரிரு பல்லில் மட்டும் இறங்கிய ஈறை அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டி மூடலாம். பாதி எலும்போடு இருபது வருடம் ஓட்டும் பற்களை நான் பார்த்திருக்கிறேன். கரைவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

12. எனக்கு சுகர் இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பக்கமும் சம்பந்தம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் வேகம் பிடிக்கும், ஆறுவது தாமதமாகும். ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறும். ஈறுக்கு நல்ல சிகிச்சை கொடுத்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சதவீதத்தில் காட்டும் பரிசோதனை எண்) சராசரியாக 0.4 புள்ளி குறைகிறது. மாத்திரையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, ஆனால் சின்ன எண்ணும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று இடத்தில் ஈறு சீழ் கட்டி வந்தால் நான் முதலில் எழுதிக் கொடுப்பது சர்க்கரைப் பரிசோதனைதான். ‘எனக்கா?’ என்று கேட்டுவிட்டுப் போய் 300-ஐத் தாண்டிய ரிப்போர்ட்டோடு திரும்பியவர்கள் உண்டு.

13. நான் சிகரெட் பிடிக்கிறவன். எனக்கு ரத்தமே வர்றதில்லையே?

அதுதான் ஏமாற்று. நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்கி, முதல் கேள்வியில் சொன்ன எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரையும். விட்ட பிறகு சில வாரம் ரத்தம் வரலாம். பயந்து மறுபடி பற்ற வைக்காதீர்கள். புகையிலை அடக்குபவர்களுக்கு அடக்கும் இடத்திலேயே ஈறு இறங்கும். அங்கே வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் அதை உடனே காட்ட வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஈறைப் பற்றிப் பேச்சு.

14. பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சதிலேர்ந்து ஈறு வளர்ந்து பல்லை மூடுது. மாத்திரையை நிறுத்திடவா?

நிறுத்தாதீர்கள். அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் இவற்றால் சிலருக்கு ஈறு தடிக்கும். படலம் அதிகமுள்ள வாயில் அதிகமாகத் தடிக்கும், ஆகவே முதலில் சுத்தம். மாத்திரையை மாற்ற முடியுமா என்பதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் தாங்களே நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள். சாதாரண க்ளீனிங்குக்கு அது தேவையில்லை. வார்ஃபரின் என்றால் சமீபத்திய ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். செயற்கை இதய வால்வு இருந்தால் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தர வேண்டும்.

15. மாசமா இருக்கேன். க்ளீனிங் பண்ணலாமா, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

தாராளமாகப் பண்ணலாம், நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வசதி. ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலத்துக்கே ஈறு அதிகமாக வீங்கும். சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவே சிவப்பாகச் சதை வளரும். அதை ‘ப்ரெக்னன்சி டியூமர்’ என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புற்று அல்ல, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும். பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுகிறது என்பது கதை.

16. எங்க வீட்டுல எல்லாருக்கும் நாப்பதுல பல் விழுந்துடும். பரம்பரைதானே, என்ன பண்ண முடியும்?

பாதி சரி. முதல் கேள்வியில் வந்த அதே லோ, 1970-இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பார்க்க ஆரம்பித்தார். தமிழர்கள். ப்ரஷ் பழக்கமோ பல் மருத்துவமோ அவர்களை எட்டியிருக்கவில்லை. சொத்தை ஏறக்குறைய இல்லை. ஈறு வீக்கமும் காரையும் வாய் நிறைய. 15 வருடம் தொடர்ந்து அளந்ததில் 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்தது, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக நகர்ந்தது, 11 சதவீதம் பேருக்கு அழற்சியைத் தாண்டவே இல்லை. 35 வயதில் முதல் கூட்டத்தாருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் போயிருந்தது, நடுக் கூட்டத்தாருக்கு 4, கடைசிக் கூட்டத்தாருக்கு 1 கூட இல்லை. உலகம் முழுக்க ஈறு நோய் படிப்பவர்கள் இந்த எண்களைப் படிக்கிறார்கள். வாயைத் திறந்து காட்டிய அந்த மனிதர்களின் பெயர் எங்கள் புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஒரே அழுக்கு, மூன்று விதமான முடிவு. அந்த வித்தியாசத்தில் உடல்வாகுக்கும் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் யாருக்கும் காரை எடுக்கப்படவில்லை என்பதை மறக்க வேண்டாம். உங்கள் குடும்பம் வேகமான வகை என்றால் நீங்கள் 40 வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் பதினைந்து வயதிலேயே ஒருமுறை அளந்துவிடுங்கள். காரை அதிகமில்லாமலே முன்பல்லிலும் முதல் கடைவாய்ப் பல்லிலும் மட்டும் எலும்பு கரையும் ஒரு வகை அந்த வயதில்தான் தொடங்கும்.

17. நல்லாத்தான் தேய்க்கிறேன், க்ளீனிங்கும் ஆச்சு. இன்னும் ரத்தம் நிக்கலையே?

முதலில் பழைய கேப் (பல்லுக்கு மாட்டிய உறை), அடைப்பு இவற்றின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈறுக்குள் துருத்திக்கொண்டிருந்தால் எத்தனை தேய்த்தாலும் அங்கே படலம் தங்கும். வாயைத் திறந்தபடி தூங்குபவர்களுக்கு மேல் முன்பல் ஈறு காய்ந்து வீங்கும். ஏதாவது ஒரு பை சுத்தம் செய்யப்படாமல் விட்டுப்போயிருக்கவும் கூடும்.

தேய்க்காமலே தானாக ரத்தம் கசிகிறது, ஈறு வெளுத்து உப்பியிருக்கிறது, தோலில் காரணமில்லாமல் நீலத் திட்டு, கூடவே காய்ச்சல், அசதி என்றால் அது ஈறு நோயாக இல்லாமல் இருக்கலாம். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்தாலும் அப்படி வரும், ரத்தப் புற்றுநோய் முதலில் ஈறில் தெரிவதும் உண்டு. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை எடுங்கள். க்ளீனிங் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

18. ஆடுற பல்லை எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சுக்கிட்டா தொல்லை விட்டுதில்ல?

விடாது. இம்ப்ளான்ட் என்பது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல். அதைச் சுற்றியும் இதே படலம் படியும், இதே மாதிரி எலும்பு கரையும், சிகிச்சை இன்னும் கடினம். ஈறு நோயால் பல்லை இழந்தவருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். லேசாக ஆடும் பல்லைச் சுத்தம் செய்து, பக்கத்துப் பல்லோடு கம்பி வைத்துக் கட்டிச் சில மாதம் பார்க்கலாம். மேலும் கீழும் அமுங்கும் அளவு ஆடினால் எடுப்பதே நல்லது. அப்போதும் மற்ற ஈறுகளைச் சரிசெய்த பிறகே இம்ப்ளான்ட்.

19. எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வரணும்?

ஈறு நன்றாக இருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ போதும். டீப் க்ளீனிங்கோ ஃப்ளாப்போ ஆனவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். பைக்குள் கிருமிகள் மறுபடி குடியேற அவ்வளவு நாள்தான் எடுக்கும். ஒவ்வொரு முறையும் அளந்த மில்லிமீட்டர் எண்களை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும், போன வருடம் 5 இருந்த இடம் இப்போது 3 ஆனதா 6 ஆனதா என்பதை அந்த அட்டை சொல்லிவிடும்.